கூத்துக் களரி: வாசகர் கேள்வி பதில்

கே: தெருக்கூத்து, கட்டைக்கூத்து: எது சரியான பெயர்?
(காஞ்சிபுரம் வாசகர்)

ப: ஆடுகிறவர்கள் வெறுமனே ‘கூத்து’ என்பார்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகிய மர அணிகள்தான் கட்டை. அவற்றைப் பூட்டும் ராஜ வேடம் கட்டை வேஷம். 1990-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் இந்தப் பெயரை முன்னிறுத்தியது. ‘தெரு’வில் இளக்காரம் தொனிக்கிறது என்பது அவர்கள் வாதம். கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமத்தில் தெருக்கூத்து என்றே வழங்குகிறது. இரண்டும் சரிதான்.

கே: துரியோதனன் வேஷம் கட்டிப் பழகுகிறேன். கிறுக்கி அடிக்கும்போது, அதாவது வேகமாகச் சுழன்று ஆடும்போது, கிரீடம் சரிகிறது. ஏன்?
(செய்யாறு வாசகர்)

ப: கோளாறு கிரீடத்தில் இருக்காது, தலைக்கட்டில் இருக்கும். முதலில் முகம் எழுதி முடியுங்கள். அரிதாரத்தில் தேங்காய் எண்ணெய் கூடினால் வியர்வையோடு வழியும். குறைந்தால் விடிவதற்குள் வெடித்து உதிரும். அடுத்து சலங்கை. கட்டை பூட்டிய பிறகு காலுக்குக் குனிய முடியாது! பிறகு கொசுவிய சேலைகளை இடுப்பைச் சுற்றி அடுக்கிக் கயிற்றால் இறுக்குங்கள். இது தளர்ந்தால் பாவாடை விரியாமல் காலில் சிக்கும். புஜக்கட்டைக்குப் பிறகு தலைக்கு வாருங்கள். தலைமுடி நழுவும், துணி நழுவாது. அதனால் பருத்தித் துணியை நெற்றியோடு சேர்த்து இறுகச் சுற்றி, அதன்மேல் கிரீடத்தை வைத்து முடிச்சிடுங்கள். கட்டியதும் திரைக்குப் பின்னால் நாலு சுற்று சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

கட்டைக்குக் கல்யாண முருங்கை மரம் தேடுவது அது லேசு என்பதால்தான். கனத்த மரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரவு முழுக்க யார் சுற்றுவது? ஆனால் அது சீக்கிரம் உளுக்கும். ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள்.

கே: எங்கள் ஊர் விழாவுக்கு இரண்டு மணி நேரக் கூத்து போதும் என்கிறார்கள். சிமெண்ட் மேடையும் இருக்கிறது.
(வந்தவாசி வாசகி)

ப: மேடையை விட்டுவிடுங்கள். சிமெண்டில் அடவு போட்டால் முட்டி போய்விடும். பதினைந்தடிச் சதுர மண்தரை போதும். மாலையிலேயே லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், சேறானால் வழுக்கும். பின்னால் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு, மற்ற மூன்று பக்கமும் ஜனம். ஸ்பீக்கர் அலறினால் முகவீணை என்னும் ஊதுகருவி காதைக் கிழிக்கும், மிருதங்கச் சொல் கேட்காது.

இரண்டு மணி நேரத்தில் மேளக்கட்டு என்னும் தொடக்க வாத்திய இசை, கடவுள் வாழ்த்து, கோமாளியான கட்டியக்காரன் வருகை, வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும் ஒரு திரை விருத்தம் இவ்வளவுதான் ஒழுங்காக நடக்கும். துகிலுரிதலை அதற்குள் திணித்தால் கட்டியக்காரன் கிண்டலைத்தான் முதலில் வெட்டுவார்கள். அது போனால் ஜனமும் போய்விடும். திரௌபதியம்மன் கோயில் விழா என்றால் நேரக் கணக்கே பேசாதீர்கள். கடைசி இரவில் ஆடும் ‘பதினெட்டாம் போர்’ கூத்து, காலையில் படுகளம் என்னும் போர்க்களச் சடங்கில், மண்ணால் செய்த துரியோதனன் தொடையில் பீமன் அடிக்கும்போதுதான் முடியும். அன்று திரௌபதி கூந்தல் முடிந்த பிறகுதான் மாலையில் தீமிதி.

கே: மட்டக்களப்புக் கூத்தும் இதுதானா?
(சென்னை வாசகர்)

ப: உறவு உண்டு, ஆனால் ஒன்றல்ல. அங்கே வடமோடி, தென்மோடி என இரு பாணி. கூத்து ஆசானான அண்ணாவியாரிடம் ஊர்க்காரர்களே மாதக்கணக்கில் பழகி அரங்கேற்றுவார்கள். ஆடுகளமான களரி வட்டம் என்பதால் நாலு பக்கமும் பார்வையாளர்கள்.