பத்துக்குப் பத்து ஹாலில் ஹை-ஃபை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரிச்சி தெருவில் ஆறரை இன்ச் வூஃபர் (பாஸ் எனும் கனத்த கீழ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒரு ஜோடி, கூடவே ட்வீட்டரும் (மெல்லிய மேல் ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) வாங்கிவிட்டேன். எங்கள் ஹால் பத்தடிக்குப் பத்தடிதான். ஆசாரியோ "பெட்டி பெரிசா இருந்தாத்தான் சார் பாஸ் வரும்" என்கிறார். எவ்வளவு பெரிய பெட்டி செய்யலாம்? (வாசகர், பல்லாவரம்)

பதில்: ஆசாரி சொல்வது பாதிதான் சரி. வூஃபரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போதே பின்பக்கம் இழுக்கிறது, இந்த இரண்டும் கலந்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும், பாஸ் காணாமல் போகும். பின்பக்கத்து ஒலியைப் பிடித்து அடைக்கத்தான் பெட்டி. ஒரு காலத்தில் நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ மாதிரி பெட்டி வேண்டியிருந்தது. 1954-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங்காக வேலை செய்ய வைத்தார். சின்ன வீட்டில் பாட்டுக் கேட்கிற நாமெல்லாம் அவருக்குக் கடன்பட்டவர்கள். இலவசமாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மை: சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்ஸில் நிறைய சத்தம், இந்த மூன்றில் இரண்டுதான் ஒரே சமயத்தில் கிடைக்கும்.

எத்தனை லிட்டர் என்பதை உங்கள் வூஃபர்தான் சொல்ல வேண்டும், ஆசாரியும் நானும் இல்லை. டேட்டா ஷீட்டில் எஃப்எஸ் (வூஃபர் இயல்பாக அதிரும் வேகம்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது), விஏஎஸ் (கூம்பின் துள்ளலுக்குச் சமமான துள்ளல் உள்ள காற்றின் அளவு) என்று மூன்று எண்கள் இருக்கும், கடையில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மாடல் எண்ணைப் போட்டு இணையத்தில் தேடுங்கள். உதாரணத்துக்கு எஃப்எஸ் 45 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 45 அதிர்வு, எண் குறையக் குறைய ஒலி ஆழம்), க்யூடிஎஸ் 0.35, விஏஎஸ் 14 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டிக்கு 4.7 லிட்டர் போதும், பாஸ் 90 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக வந்து அதற்குக் கீழே மெதுவாகச் சரியும். அதே வூஃபரை 10 லிட்டர் மூடிய பெட்டியில் போட்டால் பாஸ் அள்ளிக்கொண்டு வரும் என்று நினைக்காதீர்கள், அந்த எல்லை கீழே இறங்கவே இறங்காது. 10 லிட்டரில் போர்ட்டு குழாய் (உள்காற்று வெளியே வந்து பாஸுக்கு உதவும் திறந்த குழாய்) வைத்தால் 50 ஹெர்ட்ஸ் பக்கம் இறக்கலாம். ஆனால் உங்கள் ஹாலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். சுவர் பக்கத்தில் இருந்தாலே பாஸ் தானாக ஏறும், சின்ன அறையில் இன்னும் கூடுதல். மூடிய பெட்டியில் குறைவதைச் சுவர் ஓரளவு ஈடுகட்டிவிடும். போர்ட்டு பெட்டியோ அங்கே 'தும் தும்' என்று முழங்க ஆரம்பித்துவிடும்.

ஆசாரியிடம் அளவு கொடுக்கும்போது உள்ளளவு என்று அழுத்திச் சொல்லுங்கள். வெளியளவு 20 × 30 × 20 செ.மீ. என்றால் கணக்கில் 12 லிட்டர், 18 மி.மீ. பிளைவுட் போட்டபின் உள்ளே மிஞ்சுவது 7.1 லிட்டர்தான்! மேலே சொன்ன 4.7 லிட்டருக்குக் வூஃபரின் காந்தமும், ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் பிடிக்கும் இடத்தையும் சேர்த்து உள்ளளவு 16 × 27 × 13 செ.மீ. வைத்தால் சரியாக வரும். பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எழுபதுகளில் செய்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரும் கிட்டத்தட்ட இந்த உருவம்தான், அதுவும் மூடிய பெட்டிதான். மூட்டுகளில் பசை நன்றாக ஓட வேண்டும், வூஃபரைச் சுற்றி ஃபோம் கேஸ்கெட் வேண்டும், உள்ளே தலையணைப் பஞ்சு கொஞ்சம் தளர்வாக. வூஃபரை லேசாக உள்ளே அழுத்தி விட்டால் அது நிதானமாகத் திரும்பி வர வேண்டும், சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று கசிகிறது.

கேள்வி: ஷோகேஸ் உள்ளேதான் ஸ்பீக்கர் வைக்க இடம். சில பாட்டில் பாஸ் குமுறுகிறது. (வாசகி, திருச்சி)

பதில்: சோபாவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருக்கிறீர்களா? பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தங்கிவிடும், அகலமும் பத்தடியானால் அதே 56-லேயே இரண்டும் சேர்ந்து குமுறும். சுவரோரம்தான் அது அதிகம், நட்ட நடுவில் சுத்தமாகக் குறைந்துவிடும். அதனால் சோபாவை இரண்டடியாவது முன்னால் நகர்த்திப் பாருங்கள், செலவில்லாத வைத்தியம். ஸ்பீக்கரின் முகத்தை ஷோகேஸ் தட்டின் விளிம்பு வரை கொண்டுவாருங்கள், பக்கவாட்டு இடைவெளியில் புத்தகங்களை அடுக்குங்கள். போர்ட்டு உள்ள ஸ்பீக்கர் என்றால் அந்த ஓட்டையில் ஒரு சாக்ஸைச் சுருட்டிச் செருகலாம், நிஜமாகவே வித்தியாசம் தெரியும். அப்புறம் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்க வேண்டும். நீங்கள் பாயில் உட்கார்ந்து கேட்பவர் என்றால் ஸ்பீக்கரின் பின்பக்க அடியில் ஒரு சின்னக் கட்டையை வைத்து முகத்தைக் கீழே சாய்த்துவிடுங்கள்.

கேள்வி: கீழ்வீட்டுக்காரர் தினமும் சண்டைக்கு வருகிறார். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாதா? (வாசகர், கோவை)

பதில்: போகும். முட்டை அட்டை கனமே இல்லாத காகிதம், அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். தீப்பிடித்தால் ஆபத்து வேறு. கீழே இறங்குவது பாஸ். ஸ்பீக்கரைத் தரையிலோ மூலையிலோ வைக்காமல் தடித்த ரப்பர் பேட் மேல் ஸ்டாண்டில் வையுங்கள், ஆம்ப்ளிஃபையரில் பாஸ் திருகைக் குறையுங்கள், ஸ்பீக்கருக்கு நாலடி பக்கத்தில் வந்து உட்காருங்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் பாதி வால்யூமிலேயே பாட்டு நிறைவாகக் கேட்கும். முதலில் ஒருநாள் கீழ்வீட்டுக்காரரை மேலே கூப்பிடுங்கள், அவர் வீட்டில் ஒருவர் நிற்க, இங்கே ஒலி அளவை ஏற்றி இறக்கி எதுவரை தொந்தரவில்லை என்று சேர்ந்தே முடிவு செய்து, அந்த இடத்தில் வால்யூம் திருகில் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.