விசையை அழுத்தினால் எண் வரும்: பானை ஓடுகளும் எக்ஸ் கதிர்க் கருவியும்

கையில் துப்பாக்கிபோல் பிடிக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி இன்று அகழாய்வுக் குழிவரை வந்துவிட்டது. பானை ஓடுகளில் அதைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, இந்தக் கருவி உண்மையில் எதை அளக்கிறது? (முதுகலை மாணவி)

தனிமங்களை. கருவியின் எக்ஸ் கதிர், அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. அந்த இடத்துக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான் இறங்கும்போது, அந்தத் தனிமத்துக்கே உரிய ஆற்றலில் ஒரு கதிர் கிளம்புகிறது. இரும்புக்கு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சிர்கோனியத்துக்கு 15.8. சோடியத்துக்கோ சுமார் 1 மட்டும்தான்; அதைக் காற்றே விழுங்கிவிடும். பானையில் நான் நம்பிப் பார்ப்பவை பொட்டாசியம், டைட்டானியம், இரும்பு, ருபீடியம், ஸ்ட்ரான்சியம், யிட்ரியம், சிர்கோனியம், நியோபியம். இரும்பு எவ்வளவு என்று கருவி சொல்லும். அது எந்தக் கனிமமாக இருக்கிறது என்று சொல்லாது.

பானை எந்த ஊரில் செய்யப்பட்டது என்று காட்டிவிடுமா?

காட்டாது. இந்த ஓடும் அந்த ஓடும் ஒரே வகை மண்ணா என்பதைத்தான் ஓரளவு காட்டும். 1977இல் வெய்காண்ட், ஹார்பாட்டில், சேயர் மூவரும் வகுத்த விதி இன்றும் செல்லும்: மண்ணோ கல்லோ எடுத்த ஒரு மூலத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைவிட, இரண்டு மூலங்களுக்கு இடையிலான வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும். எரிமலைக் கண்ணாடியில் இது எளிது. பானை அப்படியல்ல. குயவர் மண்ணைக் கரைத்து வடிகட்டுவார், மணல் சேர்ப்பார், இரண்டு குளத்து மண்ணைக் கலப்பார். ஊர்ப் பெயர் வேண்டுமென்றால், சூளையடியில் கிடக்கும் வெந்து கோணிய ஓடுகளையும் அந்த வட்டாரத்துக் களிமண்ணையும் அளந்து ஒப்பிட வேண்டும்.

ஓட்டின் எந்த இடத்தில் வைத்து அளப்பது?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், பெரும்பாலோர் கேட்பதில்லை. வெளிப்புறத்தில் வைத்தால் மேற்பூச்சையும் வண்ணத்தையும் அளப்பீர்கள். சிலிக்கானின் கதிர் சில பத்து மைக்ரான் ஆழத்திலிருந்துதான் வெளியேறும். சிர்கோனியத்தின் கதிர் மில்லிமீட்டர் அளவு ஆழத்திலிருந்தும் வரும். அதனால் ஒரே அளவீட்டில் பாதி எண்கள் பூச்சைப் பற்றியும் மீதி உள்மண்ணைப் பற்றியும் பேசும். சுத்தம் செய்து நன்கு உலர்த்திய ஓட்டில், அனுமதி இருந்தால் சிறிது உடைத்து, புதிய முறிவுப் பரப்பில் வையுங்கள்.

அடுத்த சிக்கல் கரடுமுரடான ஓடுகள். கருவி பார்க்கும் வட்டம் 3 அல்லது 8 மில்லிமீட்டர்தான். அதற்குள் பெரிய மணற்பரல் ஒன்று மாட்டிக்கொண்டால், பொங்கலில் முந்திரி விழுந்த இடத்தை மட்டும் சுவைத்துவிட்டுக் கருத்துச் சொன்ன கதையாகிவிடும். பல இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். சமையல் பானைகளுக்கு அதுவும் போதாது. அரைத்துத் தூளாக்கி அளப்பதே மேல்.

ஆய்வுக்கூட முறைகளுக்கு இது ஈடாகுமா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பகுதியில் மிம்பிரெஸ் மக்கள் செய்த, வெள்ளைப் பூச்சின்மேல் கறுப்பு ஓவியம் தீட்டிய கிண்ணங்கள் புகழ்பெற்றவை. அவ்வகை ஓடுகளை ராபர்ட் ஸ்பீக்மன் குழுவினர் இந்தக் கருவியாலும், மாதிரியை அணு உலையில் நியூட்ரான்களுக்கு உட்படுத்தி அதிலிருந்து வரும் கதிரை அளக்கும் நியூட்ரான் கிளர்வு முறையாலும் அளந்து, 2011இல் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். நுணுக்கமாகக் குழு பிரிப்பதில் நியூட்ரான் முறைதான் முந்தியது. அதில் வியப்பில்லை. அந்த முறை அருமண் தனிமங்கள் உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளக்கிறது. நம் கருவிக்கு அவற்றில் பெரும்பாலானவை எட்டாது.

அரிக்கமேட்டு ரௌலட்டட் மட்கலத்துக்குப் பயன்படுமா? (புதுச்சேரி வாசகர்)

புதுச்சேரிக்கு அருகிலுள்ள பழைய துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைக்கும் இந்தக் கலங்களின் உட்புறத்தில் சிறு சக்கரத்தை உருட்டிப் பதித்த புள்ளி வரிசைகள் இருக்கும். மண் மிக நைசானது என்பதால் கருவிக்கு ஏற்ற ஓடுதான். ஆனால் மெல்லிய சுவர், மேலே பளபளப்பான பூச்சு. இரண்டையும் மறக்கக் கூடாது. 1945இல் அங்கே அகழ்ந்த மார்ட்டிமர் வீலர் இதை மத்தியதரைக் கடல் உலகத்தோடு இணைத்தார். பின்னர் விமலா பெக்லி இது இந்தியத் தயாரிப்பே என்று வாதிட்டார். 2005இல் வெளியான வேதியியல் ஆய்வு, அரிக்கமேடு, இலங்கையின் அனுராதபுரம் உள்ளிட்ட இடங்களின் ஓடுகள் ஒரே புவியியல் மூலத்தைச் சேர்ந்தவை என்றது. அது ஆய்வுக்கூட முறையில் செய்தது. கைக்கருவியை இங்கே சல்லடையாக வைத்துக்கொள்ளலாம்: நூற்றுக்கணக்கான ஓடுகளை வேகமாக அளந்து, கூட்டத்தோடு ஒட்டாதவற்றை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம்.

கறுப்பு-சிவப்பு மட்கலத்தின் கருமை எதனால் என்று இதில் தெரியுமா?

தெரியாது. அங்கே தேட வேண்டியது கார்பனை. அது இந்தக் கருவியின் கண்ணில் படாது. அதற்கு, லேசர் ஒளி பட்டுச் சிதறும் விதத்தைப் பார்க்கும் ராமன் நிறமாலை போன்ற வேறு முறை வேண்டும்.

வயது?

இதில் வராது. இன்னொன்று: வெப்ப ஒளிர்வு முறையில் காலம் கணிக்க எடுத்துவைத்த ஓட்டின்மேல் இந்தக் கருவியை வைக்காதீர்கள். அந்த முறை ஓட்டில் சேர்ந்த கதிர்வீச்சைத்தான் கணக்கிடுகிறது. நீங்களும் கொஞ்சம் சேர்த்துவிடுவீர்கள்.

எங்களிடம் இருப்பவை முழுக் கலங்கள். உடைக்க முடியாது. (அருங்காட்சியகக் காப்பாளர்)

உங்களுக்குத்தான் இந்தக் கருவி உண்மையான வரம். மண்ணை விட்டுவிட்டு வண்ணத்தையும் மெருகையும் கேளுங்கள். சீன நீல-வெள்ளைப் பீங்கானில் நீலத்தைத் தரும் கோபால்ட்டோடு மாங்கனீசு குறைவாகவும் இரும்பு மிகுந்தும் இருந்தால் இறக்குமதித் தாது என்றும், மாங்கனீசு மிகுந்திருந்தால் உள்நாட்டுத் தாது என்றும் பிரிப்பது நெடுநாள் வழக்கம். கலத்துக்கு ஒரு கீறலும் விழாது.

கருவியிலேயே 'மண்', 'சுரங்கம்' என்று தயார் அளவீட்டு நிலைகள் உள்ளனவே. ஒன்றைத் தேர்ந்து அளந்தால் போதாதா?

அவை பானைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. தேர்ந்த நிலை எதுவானாலும், அளவு தெரிந்த களிமண் மாதிரிகளை முதலில் அளந்து பாருங்கள். அமெரிக்கத் தர நிறுவனத்தின் 679 எண் செங்கல் களிமண் அத்தகைய ஒன்று. அதன் சான்றிதழ் எண்ணும் உங்கள் எண்ணும் எவ்வளவு விலகுகின்றன என்பதை அறிக்கையில் அச்சிடுங்கள். அது இல்லாத அட்டவணையை நான் படிப்பதில்லை. புதைந்த மண்ணிலிருந்து ஏறும் கால்சியம், பாஸ்பரஸ், பேரியம் ஆகியவற்றையும் ஐயத்தோடே பாருங்கள்.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

விசையை விட்டதும் குழாயிலிருந்து கதிர் நின்றுவிடும். ஆனாலும் ஓட்டை விரலால் பிடித்துக்கொண்டு அளக்காதீர்கள், தாங்கியில் வையுங்கள். கருவியின் முகப்பை யார் பக்கமும் திருப்பாதீர்கள். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இதற்கும் பொருந்தும். கருவி வாங்கும் முன்பே அந்த விதிகளுக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.