1950 உலகக் கூடைப்பந்துப் போட்டியில் அர்ஜென்டினா ஜெயித்ததற்கு மதிப்பு உண்டா? அமெரிக்கா அனுப்பியது ஒரு கம்பெனி அணிதானே?

உண்டு. முழு மதிப்பும் உண்டு. எங்கோ விவாதத்தில் இந்த வாதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "கம்பெனி அணிதானே" என்ற பேச்சு எனக்குப் பழக்கமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

ஆண்களுக்கான முதல் உலக சாம்பியன்ஷிப் அது. 10 நாடுகள், புவெனஸ் ஐரிஸ் நகரின் லூனா பார்க் அரங்கம். நவம்பர் 3 அன்று கடைசி ஆட்டத்தில் அர்ஜென்டினா 64, அமெரிக்கா 50. அமெரிக்காவுக்கு ஆடியது டென்வர் செவர்லே என்ற அமெச்சூர் அணி, அதாவது ஆட்டத்தைத் தொழிலாக வைத்துக் காசுக்கு ஆடாதவர்களின் அணி. அது உண்மைதான். ஆனால் அன்றைய அமெரிக்காவில் கம்பெனி அணி என்றால் லேசுப்பட்டதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க அணியில் ஐந்து பேர் பிலிப்ஸ் 66 என்ற எண்ணெய் கம்பெனி அணிக்காரர்கள். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவின் ஆட்டக்காரர்கள் ஒலிம்பிக், உலகப் போட்டிகளில் ஆட 1989-இல்தான் அனுமதி வந்தது. அப்படியிருக்க, அமெச்சூர்களை வைத்து வாங்கிய தங்கமெல்லாம் கணக்கில் வரும், அமெச்சூர்கள் தோற்றது மட்டும் வராது என்றால் என்ன நியாயம்?

இன்னொன்று. 30 வினாடிக்குள் ஷூட் செய்ய வேண்டும் என்ற விதி சர்வதேச ஆட்டத்தில் 1956-இல்தான் வந்தது. அதற்கு முன் பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தை ஓட்டலாம். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்கு எதிராக 64 பாயின்ட் என்பது பெரிய விஷயம். பயிற்சியாளர் ஹோர்ஹே கனவேசி அந்த அணியை நீண்ட முகாமில் ஒன்றாக வைத்துத் தயார் செய்திருந்தார். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஒஸ்கார் ஃபுர்லோங்.

நானும் ஒரு மில் அணியில் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டாக ஆடினவன். கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்து ஊரில் மின்னொளிப் போட்டி நடக்கும். ஒரு வருடம் ஃபைனலில் சென்னையிலிருந்து வந்த பெரிய அணியோடு மோதினோம். அவர்களுடைய முக்கியமான இருவர் இந்திய அணி முகாமுக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் மழை பெய்து விட்டிருந்தது. விளக்கைச் சுற்றி ஈசல், சிமெண்ட் தரை முழுக்க இறகு. டைம் அவுட் எடுக்கும்போதெல்லாம் பையன்கள் சாக்கை வைத்துத் தேய்ப்பார்கள், இரண்டு நிமிடத்தில் பழையபடி வழுக்கும். கூடைக்கு அடியில் உயரமானவர்கள் ஆடும் சென்டர் இடத்தில் ஆடிய எங்கள் அண்ணன் ஆறடி கூட இல்லை. ஷிப்ட் முடித்து நேராக கோர்ட்டுக்கு வந்தவர். கடைசி நிமிடத்தில், தன்னைவிட ஒரு சாண் உயரமானவனை முதுகாலேயே தள்ளி நிறுத்தி பாக்ஸ் அவுட் செய்து, கூடையில் விழாமல் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுத்தார். அவர் வீசிய பந்தை வாங்கி, கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய் லே-அப் போட்டேன். ஒரு பாயின்டில் ஜெயித்தோம்.

மறுநாள் டீக்கடையில், "மெயின் பிளேயர்ஸ் வரலையேப்பா" என்றார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் போட்டிக்குக் கூடைப்பந்துச் சங்கத்தின் முறையான அனுமதி இல்லை, ரொக்கப் பரிசு வாங்கினீர்கள் என்று சொல்லி மாவட்ட அணித் தேர்விலிருந்து எங்கள் பெயர்களை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. சென்டர் அண்ணனுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைக்கு வயது வரம்பு முடிய அதுதான் கடைசி வருடம். மாவட்டச் சான்றிதழ் இல்லாமல் அந்த வேலை போயிற்று. சங்கமே வேண்டாம், விதியே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். விதி வேண்டும், அதை ஆட்டத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

அந்த கோர்ட் இப்போது டூவீலர் ஸ்டாண்டு. போர்டு கம்பங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். வளர்கிற பிள்ளைகள் எங்கே போய் ஆடுவது என்று கேட்க ஆளில்லை.

அர்ஜென்டினாவுக்கு நடந்ததும் இதுதான், பல மடங்கு பெரிதாக. ஜெயித்தவர்களுக்கு அதிபர் பெரோன் கார் இறக்குமதி செய்ய அனுமதி கொடுத்தார். 1955-இல் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. 1957-இல் "நீங்கள் அமெச்சூர் இல்லை, காசுக்கு ஆடினவர்கள்" என்று அந்தத் தலைமுறையையே ஆடவிடாமல் தடை செய்தார்கள். பெரோன் நல்லவரா கெட்டவரா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஆனால் ஆட்சிமேல் இருந்த கோபத்தை ஆட்டக்காரன்மேல் காட்டியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. ஃபுர்லோங்குக்கு அப்போது 30 வயதுகூட நிரம்பவில்லை. டென்னிஸ் பக்கம் போய், பின்னாளில் அர்ஜென்டினாவின் டேவிஸ் கோப்பை அணிக்கே கேப்டன் ஆனார். எல்லாருக்கும் அப்படி இன்னொரு கதவு திறக்குமா? கூடைப்பந்தில் அந்நாடு ஒலிம்பிக் தங்கம் வாங்க 2004 ஏதென்ஸ் வரை ஆனது.

இதையெல்லாம் எங்காவது எழுதப் போகிறீர்கள் என்றால், கம்பெனி அணி என்பதைத் தாராளமாக எழுதுங்கள். பக்கத்திலேயே 1948 லண்டன் அணியில் யார் யார் இருந்தார்கள் என்பதையும், 1957 தடையையும் சேர்த்து எழுதுங்கள்.