ஹேண்டோவர் படித்தால் டவர் ஏறும் வேலைதானா? தங்கச்சிமடம் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. இ.சி.இ. மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், ஹேண்டோவர், அதாவது பேச்சு அறுபடாமல் போன் ஒரு டவரிலிருந்து இன்னொரு டவருக்கு மாறுவது பற்றி புராஜெக்ட் எடுத்திருக்கிறாள். "இதைப் படிச்சா டவர்ல ஏறுற வேலைதான் கிடைக்குமாமே" என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். டவர் ஏறுவதற்குத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். இவளுடையது, எண்களைப் பார்த்து முடிவெடுக்கும் வேலை.

மண்டபத்தில் பஸ் ஏறி, போன் பேசிக்கொண்டே பாம்பன் பாலத்தைக் கடக்கிறீர்கள். பின்னால் விட்ட டவர் மங்குகிறது, முன்னால் இருப்பது வலுக்கிறது. போன் இரண்டையும் அளந்து சொல்லும். எப்போது மாறுவது என்று நெட்வொர்க் உத்தரவு போடும். அவசரப்பட்டால், தண்ணீரில் பட்டுத் திரும்பும் அலையால் சிக்னல் ஏறி இறங்க, போன் இரண்டு டவருக்கும் இடையே அல்லாடும். தாமதித்தால் பேச்சு பாதியில் கட்டாகும். அதனால்தான் 'புது டவரின் சிக்னல் 3 டெசிபல் (சிக்னல் வலுவை ஒப்பிடும் அலகு) கூடுதலாக 320 மில்லிசெகண்ட் நீடித்தால் மாறு' என்பது போல ஒரு கணக்கு வைப்பார்கள். இதை ஊருக்கு ஊர் சரிசெய்வதே ஆர்.எஃப். (ரேடியோ அலை) ஆப்டிமைசேஷன் என்னும் வேலை.

5ஜி-யிலிருந்து 4ஜி-க்கு மாறும்போது இன்னும் சிக்கல். அலைவரிசை வேறு என்பதால் இரண்டின் சிக்னல் எண்களையும் அப்படியே ஒப்பிட முடியாது. வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்ததும் வாட்ஸ்அப் கால் ஒரு நொடி திணறுகிறதே, அங்கே இணையத்தில் போனை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியே மாறிவிடுகிறது. அந்த மாற்றம் பேசுகிறவருக்குத் தெரியாதபடி செய்து கொடுப்பவர்களுக்கு மென்பொருள் கம்பெனிகளில் இடம் உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன். ஆரம்பத்தில் கிடைக்கும் டிரைவ் டெஸ்ட், அதாவது வண்டியில் போய் சிக்னல் அளக்கும் வேலை, பெரும்பாலும் கான்ட்ராக்ட். காரில் ஊர் ஊராக அலைச்சல், சம்பளமும் குறைவு. அதிலேயே தங்கிவிடக் கூடாது. போனும் நெட்வொர்க்கும் விதிப்படி பேசிக்கொள்கின்றனவா என்று சோதிக்கும் புரோட்டோகால் டெஸ்டிங் பக்கம் போகட்டும். அதற்குச் சென்னை, பெங்களூர் போகத்தான் வேண்டும், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். நிகழ்தகவு, கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ், பைத்தான் மூன்றும் கைவசம் இருக்க வேண்டும். மேற்படிப்பு என்றால் கேட் தேர்வு. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் அமைத்த 5ஜி சோதனைத்தளம் 2022-இல் திறக்கப்பட்டது. அந்த மாதிரி இடங்களில் இதே விஷயத்தில் ஆராய்ச்சி செய்யலாம்.

'வேலை உறுதி' என்று சொல்லிப் பணம் கேட்பதாக நீங்கள் எழுதியிருக்கும் பயிற்சி மையத்தில் நகையை அடகு வைத்துச் சேர்க்காதீர்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். (NPTEL) இணையப் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம். நெட்வொர்க்கைக் கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்க்கும் என்.எஸ்-3, நெட்வொர்க்கில் போகும் தரவைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருள்களுக்கும் காசு இல்லை.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும்போது, சிக்னல் அளக்கும் ஆப் போட்ட பழைய போன் ஒன்றை மகள் கொடுத்துவிடட்டும். கரையிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் 5ஜி போகிறது, எங்கே 4ஜி-யும் கைவிடுகிறது என்று ஜி.பி.எஸ். குறிப்போடு பதிவாகும். தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை நெட்வொர்க்கும் எட்டிப் பார்க்கும். ரோமிங்கை மட்டும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள். பாக் நீரிணையில் தானே அளந்த தரவோடு இன்டர்வியூவுக்குப் போகிறவளிடம், கேள்வி கேட்பவர் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்.