இன்சுலேட்டர் மேல் நீர்த்துளி: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மின்கம்பியைத் தாங்கி, மின்சாரம் கம்பத்துக்குப் பாயாமல் தடுக்கும் சிலிகான் ரப்பர் இன்சுலேட்டரில் தண்ணீர் ஒட்டாமல் தனித்தனித் துளியாகத்தானே நிற்கிறது? மின்சாரம் ஓட வழியே இல்லையே. பிறகு எதற்கு அந்தத் துளிகளைப் பற்றி இவ்வளவு கவலை?

பதில்: கசிவு மின்னோட்டம் குறைவு என்பது சரிதான். சிக்கல் துளியின் ஓரத்தில் இருக்கிறது. தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் (ஒரு பொருள் தனக்குள் மின்புலத்தை எவ்வளவு குறைக்கும் என்பதன் அளவு) சுமார் 80, காற்றுக்கு 1. அதனால் துளிக்குள்ளே மின்புலம் மிகவும் குறைந்து, வெளியே ஓரத்தில் குவிந்துவிடும். தண்ணீர், காற்று, ரப்பர் மூன்றும் தொட்டுக்கொள்ளும் அந்தக் கோட்டைத்தான் கவனிக்க வேண்டும். காற்று தாங்குவது மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட். அதைத் தாண்டினால் அங்கே கரோனா, அதாவது காற்றுக்குள் பாயும் சிறு மின்கசிவு, தொடங்கும். நல்ல இருட்டில் மங்கிய ஊதா ஒளியாகத் தெரியும்.

கேள்வி: துளி ஆடுமா சார்?

பதில்: நன்றாகவே ஆடும். துளியை இழுக்கும் விசை மின்புலத்தின் இருமடியைப் பொறுத்தது. அதனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்கும். துளியின் இயல்பான அதிர்வெண் இதற்கு ஒத்துவந்தால் ஆட்டம் இன்னும் பெரிதாகும். வேகக் கேமராவில் பார்த்தால் இரண்டு முனையும் கூராகி, பக்கத்துத் துளியை எட்டுவது தெரியும். இரண்டும் சேர்ந்துவிட்டால் நீளமான ஒரே துளி. மின்புலம் தாங்க மிச்சமிருக்கும் உலர்ந்த இடைவெளி அந்த அளவுக்குக் குறைந்துபோகும்.

கேள்வி: கரோனா ரப்பரை என்ன செய்யும்?

பதில்: ஓசோன் உண்டாகும், ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமும் உண்டாகும். நீர் ஒட்டாத தன்மை போய், துளிகள் படலமாகப் பரவும். அப்புறம் கசிவு மின்னோட்டம் கூடும். சூட்டில் சில இடங்கள் மட்டும் காய்ந்து, அந்த உலர் பட்டைகளில் தீப்பொறி பாயும். சிலிகானின் பெரிய பலம், அது தன்னைச் சரிசெய்துகொள்வது. காய்ந்த வேளையில் உள்ளிருக்கும் எடை குறைந்த சிலிகான் மூலக்கூறுகள் மெல்ல மேலே கசிந்துவர, நீர் ஒட்டாத தன்மை திரும்பும். அதற்குச் சில மணி நேரமாவது ஈரமில்லாத இடைவெளி வேண்டும். ஓயாத பனிமூட்டத்தில் அது கிடைக்காது.

கேள்வி: அப்படியானால் பெருமழை இன்னும் மோசமா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அது அழுக்கைக் கழுவிவிடும். உப்புத்தூசி படிந்த பரப்பில் பனியும் தூறலும்தான் ஆபத்து.

கேள்வி: ரப்பர் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மின்சாரத்தைத் துண்டித்து, எர்த் செய்த பிறகு, தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். 1 முதல் 7 வரை தரம் பிரிப்பார்கள். உருண்டையான தனித்துளிகள் நின்றால் 1. பரப்பு முழுக்கப் படலமானால் 7.