சிறுநீர்ப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்கிறது நிறுவனம்; ராஜினாமா எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் ஊழியர் பேருந்தை ஓட்டுகிறேன். சென்ற வாரம் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் திடீரெனச் சிறுநீர்ப் பரிசோதனை செய்தார்கள். என் கிட்டில் ‘சி’ என்ற எழுத்துக்கு நேரே அழுத்தமான கோடும், ‘எம்.ஓ.பி.’ என்ற பகுதியில் மிக மங்கலான கோடும் இருந்தன. அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான் மார்ஃபின் வகைப் போதைப்பொருள் எடுத்திருப்பதாகவும், ராஜினாமா எழுதித் தராவிட்டால் போலீசில் புகார் செய்வதாகவும் ஹெச்.ஆர். அதிகாரி சொல்கிறார். அப்போது மருத்துவர் எழுதிக் கொடுத்த கோடீன் கலந்த இருமல் மருந்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது?

பதில்: முதலில், எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். நீங்களாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால், அது மிரட்டி வாங்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

அடுத்து, உங்களிடம் உள்ள அந்தப் படம். கர்ப்பப் பரிசோதனையில் கோடு தோன்றினால் பாசிட்டிவ் என்று பழகிய கண்கள் இந்தக் கிட்டையும் அப்படியே படித்துவிடுகின்றன. போதைப்பொருள் கிட் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. ‘சி’ கோடு, கிட் சரியாக வேலை செய்தது என்பதை மட்டுமே காட்டும். ‘எம்.ஓ.பி.’ என்பது மார்ஃபின் வகைக்கான பகுதி; சிறுநீரில் அந்தப் பொருள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் அங்கே கோடு தோன்றாது. இல்லையென்றாலோ குறைவாக இருந்தாலோ கோடு தோன்றும். எவ்வளவு மங்கலாகத் தெரிந்தாலும் அது கோடுதான், முடிவு நெகட்டிவ் என்றே இத்தகைய கிட்டுகளின் விளக்கத் தாள்கள் கூறுகின்றன. ஆகவே அந்தக் கிட்டின் பெயர், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதித் தேதி, விளக்கத் தாளின் நகல், முடிவைப் பார்த்த நேரம் ஆகியவற்றை எழுத்து மூலம் கேளுங்கள். விளக்கத் தாளில் சொல்லப்பட்ட நேரம் கடந்து படிக்கப்பட்ட முடிவை ஏற்க முடியாது. அசல் படத்தைக் கைபேசியிலிருந்து அழிக்காமல், திருத்தாமல் வைத்திருங்கள். பாரதிய சாட்சிய அதிநியம், 2023-இன் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழுடன் அதைச் சாட்சியமாக முன்வைக்க முடியும்.

ஒருவேளை கோடே இல்லை என்று நிறுவனம் சாதித்தாலும், அந்த முடிவு ஐயத்தை எழுப்புமே தவிரக் குற்றத்தை நிரூபிக்காது. கோடீனின் ஒரு பகுதி உடலுக்குள் மார்ஃபினாக மாறுகிறது. அது மருந்திலிருந்து வந்ததா, ஹெராயினிலிருந்து வந்ததா என்று கிட்டால் பிரித்தறிய முடியாது. நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றும், அபின் செடியின் விதையான கசகசாகூட இந்தச் சோதனையைப் பாசிட்டிவ் ஆக்கக்கூடும். பல கிட்டுகளில் எம்.ஓ.பி.க்கான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம்தான். அமெரிக்க அரசு தன் பணியாளர் சோதனைகளில் இதே வரம்பை, கசகசாவாலும் மருந்துகளாலும் வரும் தவறான சந்தேகங்களைக் குறைப்பதற்காக, 1998-இல் 2,000 ஆக உயர்த்தியது. எனவே, சிறுநீரில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அடையாளம் காணும் ஜி.சி.–எம்.எஸ். அல்லது எல்.சி.–எம்.எஸ். ஆய்வக முறையில் உறுதிப்படுத்தும் ஆய்வு நடத்தும்படி கோருங்கள். அந்த ஆய்விலும் கோடீனும் மார்ஃபினும் இருப்பதாக வரலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஹெராயினுக்கே உரிய 6-அசிட்டைல்மார்ஃபின் இருக்கிறதா, கோடீனுக்கும் மார்ஃபினுக்கும் இடையிலான விகிதம் என்ன என்பதை உங்கள் மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வு அன்று எடுத்த அதே மாதிரியில்தான் நடக்க வேண்டும். இந்த வகைப் பொருள்கள் இரண்டு மூன்று நாள்களில் சிறுநீரிலிருந்து நீங்கிவிடும் என்பதால், இப்போது வெளியே ஒரு லேபில் புதிதாகக் கொடுத்து வாங்கும் நெகட்டிவ் முடிவு உங்களுக்குப் பெரிதாக உதவாது. மாதிரியைக் கொட்டிவிட்டதாக நிறுவனம் சொன்னால் அதை எழுத்தில் வாங்குங்கள். உறுதிப்படுத்தும் வாய்ப்பைத் தானே அழித்த தரப்பு, அந்த முடிவையே ஆதாரமாகக் காட்டுவது விசாரணையில் எளிதாக எடுபடாது. விமானப் பணியாளர்களுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைப்படுத்திய விதிகளிலும், முதல்கட்டச் சோதனையில் ஐயம் எழுந்தவரைப் பணியிலிருந்து விலக்கி வைத்து, உறுதி ஆய்வின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டும் என்றுதான் உள்ளது. பேருந்து ஓட்டுநருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் மறுக்கப்பட வேண்டும்?

போலீஸ் மிரட்டலைப் பொறுத்தவரை, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மார்ஃபின், ஹெராயின், கோகெய்ன் போன்றவற்றை உட்கொள்வதற்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 8-ஆவது பிரிவு, சட்டப்படியான மருத்துவப் பயன்பாட்டை விலக்கி வைத்திருக்கிறது. மருந்துச் சீட்டு, கடை ரசீது, மீதமுள்ள பாட்டில் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவோ, வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மருந்தின் ஆதிக்கத்தில் ஓட்டுவதையே குற்றமாக்குகிறது. சிறுநீர்ச் சோதனை ஒருவர் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருந்தார் என்பதைக் காட்டாது.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. கோடீன் தூக்கக் கலக்கம் தரும் மருந்து. பேருந்து நிறைய ஆள்களை ஏற்றிச் செல்பவர் அதை முன்கூட்டியே தெரிவித்திருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால், உங்கள் பதில் நேர்மையாக இருக்கட்டும். ஆய்வு முடியும்வரை உங்களை வண்டி ஓட்டவிடாமல் வேறு வேலையில் வைப்பதை எதிர்க்கவும் வேண்டாம். ஆனால் வேலைநீக்கம் என்றால், குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, உள்விசாரணை நடத்திய பிறகே அதைச் செய்ய முடியும். டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-இல், வாய்ப்பளிக்காமல் ஒரு தொழிலாளியின் வாழ்வாதாரத்தைப் பறிப்பது அரசியலமைப்பின் 14, 21-ஆவது பிரிவுகளுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

இன்றே மேற்கண்டவற்றைக் கேட்டும், ராஜினாமா செய்ய மறுப்பதைக் குறிப்பிட்டும், ஒரு கடிதத்தை, சென்று சேர்ந்ததற்கான ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். தினமும் பணிக்குச் செல்லுங்கள். வாயிலில் தடுத்தால், வேலைக்கு வரவில்லை என்று அவர்கள் பின்னர் சொல்ல இடம் தராமல், அன்றே அதையும் எழுதி அனுப்பிவிட்டுத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள்.