முதலில் அந்த ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலை எடுத்து வையுங்கள், அக்கா

அக்கா, நேற்று நீங்கள் பேசிவிட்டுப் போனதிலிருந்து பாப்பா முகம்தான் நினைவில் நிற்கிறது. நீட்டில் 338. திரும்ப எழுத வைக்கலாமா என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், அவள் வாயே திறக்கவில்லை. நகையை அடகு வைத்து வெளியூர் ஹாஸ்டல் கோச்சிங்கில் சேர்க்கும் முடிவை மட்டும் இந்த வாரம் எடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் கொடுத்த ஓ.எம்.ஆர். நகலையும் விடைக்குறிப்பையும் வைத்து ராத்திரி உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 180 கேள்வியில் 96 சரி, 46 தப்பு, 38 தொடவே இல்லை. சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழிவு, அப்படித்தான் 338. உயிரியலில் மட்டும் 246 எடுத்திருக்கிறாள், வேதியியலில் 73. இயற்பியலில் 45 கேள்விக்கு 9 சரி, 17 தப்பு, மிச்சம் காலி. 36இல் 17 கழிந்து கையில் நின்றது 19 மார்க். இவளைப் போய் படிக்காத பிள்ளை என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது, அக்கா. இவளுக்குச் சறுக்கியது இயற்பியல், வேதியியலிலும் கொஞ்சம். அடுத்த முறை இயற்பியலில் 25 சரி, 8 தப்பு என்று வந்தாலே, மற்றது அப்படியே இருந்தாலும், மொத்தம் 411.

அந்த 17 தப்புக்கும் பக்கத்தில் அவளையே எழுதச் சொல்லுங்கள்: குத்துமதிப்பாகப் போட்டதா, ஃபார்முலா தெரிந்தும் கணக்கில் விட்டதா, நேரம் போய்விட்டதே என்ற பதற்றமா? குத்துமதிப்புதான் அதிகம் என்றால் பதினொன்றாம் வகுப்பு மெக்கானிக்ஸிலிருந்து திரும்பத் தொடங்கணும், அதற்கு ஊரிலேயே ஒரு நல்ல இயற்பியல் வாத்தியார் போதும். பதற்றம் என்றால் ஞாயிறுதோறும் மதியம் 2 முதல் 5 வரை, உண்மையான பரீட்சை நேரத்திலேயே, சாப்பிட்டு கண் சொக்கும் அந்த வெயிலில் ஓ.எம்.ஆர். தாளில் எழுதிப் பழக வேண்டும். காலையில் எழுதிப் பழகிய பிள்ளைகள் மதியப் பரீட்சையில் திணறுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயசைப் பற்றிக் கவலை வேண்டாம், மேல் வரம்பை 2022இலேயே எடுத்துவிட்டார்கள், இத்தனை தடவைதான் எழுதலாம் என்றும் கிடையாது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள், அதனால் 7.5 சதவீத ஒதுக்கீடு அடுத்த வருஷமும் அவளுக்கு உண்டு. பாகூரில் சித்தி வீட்டு முகவரியைக் காட்டி, புதுச்சேரி அரசு சீட்டுகளை நிரப்பும் சென்டாக்கில் போடலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னீர்களே, அந்தப் பேச்சே வேண்டாம். பொய்ச் சான்று என்று தெரிந்தால் கிடைத்த சீட்டும் போய்விடும்.

இந்த வருஷ மார்க்கும் வீணில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங்கும் மற்ற துணை மருத்துவப் படிப்புகளும் நீட் மார்க்கை வைத்துத்தான், ஆனால் விண்ணப்பம் தனி, அதை விட்டுவிடாதீர்கள். அப்புறம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை இருக்கிறது, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவம் இருக்கிறது, இரண்டுக்கும் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மார்க்தான். இவற்றில் ஒன்று அவளுக்கு மனசாரப் பிடித்திருந்தால் அதில் சேருவது தோல்வியே இல்லை. பிடிக்காமல் சும்மா ஒரு சீட்டுக்காகச் சேர்ந்துவிட்டு அந்த வருஷமே நீட்டுக்கும் படிப்பது என்றால் இரண்டிலும் கால் நிற்காது.

ரிப்பீட் என்றே முடிவானால் ஒரு வருஷம், ஒரே ஒரு வருஷம் என்று இப்போதே பேசி வையுங்கள். ஜனவரியில் மாதிரித் தேர்வு மார்க்கைப் பார்ப்போம். இயற்பியல் அப்போதும் 19லேயே நின்றால் அடுத்த வழியை அன்றைக்கே திறந்து வைக்கணும்.

ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வாங்க, அக்கா. நீங்கள் வெளியே ஒரு அரை மணி நேரம் இருங்கள். டாக்டர் ஆகணும் என்பது அவள் ஆசையா என்று அவளிடமே நான் கேட்கணும்.